வேர்க்காத பன்றி

ஒரு காட்டில் மழை பொய்த்து, சுனைகளெல்லாம் வற்றிப் போயின. தலைவரான யானை, பன்றியையும் குரங்கையும் அழைத்தது.

"காய்ந்த ஆற்றில் ஊற்றுத் தோண்டுங்கள். வேர்வை சிந்தித் தோண்டியவர் குடும்பத்துக்கே முதல் தண்ணீர்!" என்று சொல்லிவிட்டு, மானோடு வேறு பக்கம் தண்ணீர் தேடப் போயிற்று.

பன்றியின் குட்டிகள் தாகத்தால் சுருண்டு கிடந்தன. அவற்றை நினைத்து நினைத்து, பன்றி மூக்கால் மணலைக் கிளறித் தள்ளியது. குரங்கோ, "எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நீ தோண்டு" என்று மருதமரத்தில் ஏறித் தூங்கிவிட்டது.

சாயங்காலம் குழியின் அடியில் தண்ணீர் கசிந்தது. பன்றிக்குக் கண் கலங்கியது.

யானையும் மானும் திரும்பி வருவதை மரத்திலிருந்து குரங்கு பார்த்துவிட்டது. உடனே, பொந்தில் தனக்கென்று ஒளித்து வைத்திருந்த தண்ணீரை உடம்பெல்லாம் தெளித்துக்கொண்டு கீழே குதித்தது.

"தலைவரே, எனக்கு எப்படி வேர்த்து ஒழுகுகிறது, பாருங்கள்! இந்தப் பன்றிக்கு ஒரு சொட்டாவது வேர்த்திருக்கிறதா?"

யானை பன்றியைத் தடவிப் பார்த்தது. உடம்பு காய்ந்துதான் இருந்தது. "உன்மேல் வேர்வையே இல்லையே!"

"எங்கள் இனத்துக்கே வேர்க்காது, தலைவரே. என் மூக்கைப் பாருங்கள், தோல் உரிந்திருக்கிறது."

"மண்ணைக் கிளறுவதுதானே இவனுக்கு எப்போதும் வேலை!" என்று குரங்கு சிரித்தது.

யானையும் ஆமென்று தலையசைத்தது. பன்றி தன் குட்டிகள் கிடந்த பக்கம் பார்த்தது. குட்டிகளுக்கு என்ன பதில் சொல்வது? சட்டென்று அதற்கு ஒரு யோசனை வந்தது.

"மானே, உப்பு என்றால் உனக்கு உயிராயிற்றே. குரங்கின் வேர்வையைக் கொஞ்சம் நக்கிப் பாரேன்!"

மான் நக்கியது. "சப்பென்று இருக்கிறதே! இது வெறும் தண்ணீர்!"

"காடே தவிக்கும்போது மேலே தெளித்துக்கொள்ள உனக்கு மட்டும் ஏது தண்ணீர்?" என்று யானை பிளிறியது.

குரங்குக்குப் பயத்தில் குப்பென்று வேர்த்தது. மான் மறுபடி நக்கிவிட்டு, "ஆ, இப்போது கரிக்கிறது!" என்றது.

யானைக்கு வெட்கமாகப் போயிற்று. "பன்றியே, வேர்வை என்று நான் சொன்னது உழைப்பைத்தான். சொன்ன நானே அதை மறந்துவிட்டேன். போய் உன் குட்டிகளைக் கூட்டி வா."

குட்டிகள் தள்ளாடியபடி வந்தன. குழிக்குள் மூக்கை விட்டு, மூச்சு விடாமல் குடித்தன. அவற்றின் வால்கள் ஆடத் தொடங்கிய பிறகுதான் பன்றி அப்பாடா என்று மணலில் சாய்ந்தது.

நீதி: உழைத்தவர் யாரென்று அறிய உடம்பைப் பார்க்காதே, செய்த வேலையைப் பார்.