முள்பள்ளத்து மலைக்குருவி

அடிவாரத்துப் புதர்க்காட்டில் செங்கண்ணன் என்று ஒரு செம்போத்து இருந்தது. எந்தப் பறவை எங்கே வாழும், எங்கே முட்டையிடும் என்று அதனிடம்தான் எல்லாரும் கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் அதுவே வலியப் போய்ச் சொல்லும்.

அந்தக் கோடையில் காட்டுக்கு இருந்த ஒரே குளம் வற்றத் தொடங்கியது. கலங்கல் தண்ணீருக்கு மான்களும் முயல்களும் முட்டிமோதின. காட்டையே காலி செய்துவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. செங்கண்ணன் புதருக்குப் புதர் தாவுமே தவிர, நெடுந்தூரம் பறக்க அதற்கு வராது. எல்லாரும் போய்விட்டால் அது மட்டும் காய்ந்த குளத்துக்குக் காவல் இருக்க வேண்டியதுதான்.

அப்போது அணில் ஓடி வந்து, முள் அடர்ந்து யாரும் இறங்காத முள்பள்ளத்தில் மலைக்குருவி பாடுகிறது என்று சொன்னது.

"பாடாது," என்றது செங்கண்ணன். "மலைக்குருவி கோடையில மலையிலதான் குஞ்சு பொரிக்கும். அதுவும் ஓடுற தண்ணி ஓரமாத்தான் கூடு கட்டும். முள்பள்ளத்துல தண்ணி ஏது?"

"ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வரட்டுமாண்ணே?"

"இல்லாததை எதுக்குப் போய்ப் பார்க்கணும்?"

பாட்டு நிற்கவில்லை. மறுநாளும் கேட்டது. இது கரிச்சான் குருவியின் வேலைதான் என்று செங்கண்ணன் முடிவு கட்டியது. அடுத்தவர் குரலில் கத்தி ஊரை ஏமாற்றுவது கரிச்சானுக்குப் பொழுதுபோக்கு. அதை எல்லார் முன்னாலும் கிளையில் உட்கார வைத்து, வாயை மூடச் சொன்னது. கரிச்சான் இறுக மூடிக்கொண்டது. பள்ளத்திலிருந்து பாட்டு கணீரென்று வந்தது.

"பார்த்தீங்களா, வாயை மூடிக்கிட்டே பாடுறான்!"

ஒருவேளை நாம்தான் பாடுகிறோமோ என்று கரிச்சானுக்கே சந்தேகம் வந்துவிட்டது, பாவம்.

குளத்தில் கடைசிச் சேறும் காய்ந்தது. முயல் குடும்பம் முதலில் கிளம்பிப் போனது. எல்லாரும் போவதற்குள் அந்தப் பொய்ப்பாட்டை அடக்கிவிட வேண்டும் என்று செங்கண்ணன் முள்பள்ளத்துக்குள் இறங்கியது. அங்கே பாறை இடுக்கில், கரிச்சான் அல்ல, ஒரு மலைக்குருவி தன் குஞ்சுகளுக்குப் புழு ஊட்டிக்கொண்டிருந்தது.

"நீ இங்கே கூடு கட்ட மாட்டியே!" என்றது செங்கண்ணன்.

"அப்படியா? இவங்ககிட்டயும் கொஞ்சம் சொல்லிட்டுப் போங்கண்ணே," என்று குருவி குஞ்சுகளைக் காட்டியது. மேலே பாறை சரிந்து, குளத்துக்குப் போகும் ஓடை இந்தப் பக்கம் திரும்பிவிட்டதாம். தண்ணீர் வந்த வழியே குருவியும் வந்துவிட்டதாம்.

"ஓடையா? எங்கே?"

"நீங்க நிக்கிறீங்களே, அதுதான்."

செங்கண்ணன் குனிந்து பார்த்தது. கால் இரண்டும் தெளிந்த தண்ணீருக்குள் இருந்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது. சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் காடே போகும். முள்ளில் இறகு கிழியக் கிழிய மேலேறி ஓடியது.

"நான் சொன்னது தப்பு. குருவி இருக்கு, தண்ணியும் இருக்கு. எல்லாரும் வாங்க!"

மான்கள் வந்தன, அணில் வந்தது, கரிச்சான் வயிறு முட்டக் குடித்துவிட்டு வாய் திறந்து பாடியது. முயல்களைத் தேடி செங்கண்ணன் காட்டின் எல்லைவரை போய்க் கூப்பிட்டது. அவை எப்போதோ எல்லை தாண்டிப் போயிருந்தன.

தனக்குத் தெரிந்ததுதான் சரி என்று சாதிப்பவர் போய்ப் பார்க்காமல் விட்டதற்கு மற்றவர்களும் சேர்ந்து தவிக்க வேண்டியிருக்கும்.