கடைசி இடத்துக்குப் போன ராஜா

வெண்மணற்கரையை ஆண்ட இஞ்ஞாசி ராஜாவுக்கு எதிலும் முதலாவதாக இருக்க வேண்டும். வேட்டையில், விருந்தில், வாதத்தில் எல்லாம் முதலாவதாகிவிட்டார். மிச்சமிருந்தது தாழ்மை ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதற்கும் வழி பிறந்தது. சாமியார் பிரசங்கம் வைத்தார். "விருந்துக்கு உன்னை அழைத்தால் கடைசி இடத்தில் போய் உட்கார். வீட்டுக்காரன் வந்து, நண்பனே, மேலே வா என்பான்." அதற்குமேல் ராஜா கேட்கவில்லை. மேலே போக இப்படி ஒரு குறுக்குவழி இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்றிருந்தது அவருக்கு.

அடுத்த வாரம் அவருடைய பட்டு மெத்தை பீடத்தின் அருகிலிருந்து வாசலுக்குப் போயிற்று, செருப்பு விடும் இடத்துக்கு. ராஜாவுக்குப் பின்னால் செருப்பு கிடக்கலாமா? எல்லாவற்றையும் பொறுக்கிக் கொண்டுபோய்ப் பீடத்தின் பக்கம் வைத்தார்கள். பூசை நடக்கும்போது சனங்கள் திரும்பித் திரும்பி ராஜாவின் தாழ்மையைப் பார்த்தார்கள். திரும்பாதவர்களின் பெயர்களைத் தளவாய் கயித்தான் மனதில் குறித்துக்கொண்டார்.

இருந்தாலும் ராஜாவுக்கு ஒரு பயம். தன்னைவிடத் தாழ்ந்த இடத்தை வேறு யாராவது பிடித்துவிட்டால்? கயித்தான் தண்டோரா போட்டார். "ராஜா இருக்கும் இடத்தைவிடத் தாழ்வான இடத்தில் இந்த ராஜ்யத்தில் ஒருவரும் உட்காரக் கூடாது!" அன்று முதல் கிணறு வெட்டுகிறவர்கள் குழிக்குள் நின்றுகொண்டே கஞ்சி குடித்தார்கள்.

மூன்றாவது ஞாயிறு, உப்பளத்தில் வேலை செய்யும் மதலேனாள் பூசைக்குப் பிந்தி வந்தாள். கோயிலுக்கு வெளியே இரண்டு படி கீழே உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டாள். பூசை முடிந்ததும் அவளைப் பிடித்தார்கள். உயிர்ப்புத் திருநாள் வரைக்கும் நிலவறை என்று தீர்ப்பாயிற்று.

மறுநாள் காலை அவள் புருஷன் சந்தியாகு மூன்று மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டை வாசலில் நின்றான். ராஜசபைக்குப் போய்க்கொண்டிருந்த மந்திரி வியாகுலப்பனை மறித்தான்.

"ஐயா, நேத்து மத்தியானத்துலேர்ந்து பிள்ளைக்குப் பால் இல்ல. கருப்பட்டித் தண்ணிய நாக்குல தொட்டு வச்சா துப்புது. அவ கொலையா பண்ணிட்டா? உக்காந்தா, அவ்வளவுதான்."

"இந்த ஊரில் அதுதானப்பா பெரிய குற்றம்" என்றார் வியாகுலப்பன். "பிள்ளையோடு நிழலில் நில். வந்துவிடுகிறேன்."

மாடத்து மண்டபத்தில் ராஜா வீற்றிருந்தார். வியாகுலப்பன் கும்பிட்டார்.

"மகாராஜா, உங்கள் கட்டளையை ஒருத்தி மீறிக்கொண்டிருக்கிறாள்."

"மீறினாள், பிடித்தாயிற்று" என்றார் கயித்தான்.

"இப்போதும் மீறிக்கொண்டிருக்கிறாள், தளவாயே. அவளை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

"நிலவறையில்."

"எத்தனை படி இறங்க வேண்டும்?"

"இருபத்தொன்று."

"நிற்கிறாளா, உட்கார்ந்திருக்கிறாளா?"

"ராத்திரி பகலாக நிற்க முடியுமா? உட்கார்ந்துதான் இருக்கிறாள்."

வியாகுலப்பன் ராஜாவைப் பார்த்தார். "கோயிலில் அவள் உங்களைவிட இரண்டே படிதான் கீழே இருந்தாள். தளவாய் அவளை இருபத்தொரு படி இறக்கி உட்கார வைத்திருக்கிறார். நீங்களோ மாடத்தில் இருக்கிறீர்கள்."

ராஜாவின் முகம் கறுத்தது. அவளை மேலே கொண்டுவரச் சொல்லியிருக்கலாம். ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் அவருக்கு வேறொன்றும் தோன்றாது. "எடு என் மெத்தையை!" என்று எழுந்தார்.

நிலவறையில் மதலேனாள் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். பால் கட்டி மார்புச்சேலை நனைந்திருந்தது. ராஜா மெத்தையைத் தள்ளிவிட்டு அவளுக்கு எதிரே வெறுந்தரையில் சப்பணமிட்டார். கயித்தான் குனிந்து பார்த்தார்.

"மகாராஜா, தரை சாக்கடைப் பக்கம் சரிவாக இருக்கிறது. அவள் இருப்பது ஒரு விரற்கடை தாழ்வு."

ராஜா எழுந்து அவளைத் தாண்டிப்போய் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் இருக்கக் கூச்சப்பட்டு, எழுந்து வணங்கி, அவள் இன்னும் கீழே போய் ஒடுங்கிக்கொண்டாள். ராஜா மறுபடி எழுந்தார். அவளும் மறுபடி எழுந்தாள். மூன்றாம் முறை ராஜாவின் முதுகு சாக்கடைக் கம்பியில் இடித்தது.

"நகராதே, பெண்ணே!" என்று கத்தினார். "என்னைவிடத் தாழ்மைக்காரி என்று பெயர் வாங்கத்தானே நேற்று அந்தப் படியில் உட்கார்ந்தாய்?"

"இல்ல ராசா. அளத்துலேர்ந்து நேரா வந்தேன். காலெல்லாம் உப்புச்சேறு. உள்ள போனா கோயில் தரை கெட்டுப்போகும். சாமி குரல் படியிலயும் கேக்கும்."

"நான் உனக்கு மேலே உட்கார்ந்திருந்தேனே, அது கண்ணில் படவில்லையா?"

மதலேனாள் யோசித்தாள். "நீங்க எங்க இருந்தீங்கன்னு நான் பாக்கலியே, ராசா."

சவுக்கடி பட்டதுபோல ராஜா உட்கார்ந்திருந்தார். பட்டுச் சட்டையின் முதுகில் பாசி ஒட்டியிருந்தது. பிறகு கயித்தானைப் பார்த்து, "கதவைத் திற" என்றார். "அவளை வீட்டுக்கு அனுப்பு. அந்தத் தண்டோராவும் ரத்து."

ராஜா மேலே வந்தபோது கோட்டை வாசலில் மதலேனாள் குழந்தையை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது. சந்தியாகு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ராஜாவுக்கு நெஞ்சு இளகியது. கழுத்திலிருந்த முத்துச்சரத்தைக் கழற்றி வியாகுலப்பன் கையில் வைத்தார்.

"உனக்குத்தான். இன்றோடு என் பெருமையை மொத்தமாக விட்டுவிட்டேன். சொல், வியாகுலப்பா, இந்த ராஜ்யத்தில் என்னளவுக்குப் பெருமையை விட்டவன் வேறு எவனாவது உண்டா?"

"ஒருவரும் இல்லை, மகாராஜா. விடுவதற்கு மற்றவர்களிடம் அவ்வளவு இல்லை."

ராஜா சிரித்தார். சிரிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.