மூன்று பெட்டியும் மூன்று வடையும்

கொத்தளம்பாடி சமஸ்தானத்தை ஒரு கோழி காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் சுற்றி வந்துவிடும். அவ்வளவுதான் அதன் விஸ்தீரணம். ஆனாலும் அதற்கொரு ராஜா இருந்தார், தர்பார் இருந்தது, மோட்டார் சாமான் கடையும் ஒன்று இருந்தது. கடைக்காரர் ஜெகவீர நாயக்கர், ராணியின் கூடப்பிறந்த தம்பி. ஊரில் வேறு யாரும் மோட்டார் சாமான் விற்கக் கூடாது என்று ராஜா முத்துவெங்கம நாயக்கர் உத்தரவு போட்டிருந்தார். போடச் சொன்னது ராணி.

அந்த ஜெகவீரர் மேல் பிராது கொடுக்க ஒரு நாள் மைமூன் பீவி தர்பாருக்கு வந்தார். புருஷன் விட்டுப்போன ஒற்றை லாரியில் வெற்றிலைக் கூடைகளை ஏற்றிச் சந்தைக்கு அனுப்பிப் பிழைக்கிறவர். லாரியின் கியர் பெட்டி தேய்ந்துபோனதால், ஜெகவீரர் கடையில் 'புதுப்பித்த பெட்டி' ஒன்றை வாங்கினார். பழைய பெட்டியைக் கழுவி, கறுப்புச் சாயம் பூசி விற்பதற்குத்தான் அங்கே அந்தப் பெயர். முதல் பெட்டி பன்னிரண்டாம் மைலில் பல்லைக் கொட்டியது. மாற்றிக் கொடுத்தார். இரண்டாவது மலையேற்றத்தில் ஒரு முறை உறுமிவிட்டுப் படுத்துக்கொண்டது. அதையும் மாற்றிக் கொடுத்தார். மூன்றாவது பெட்டி கடை வாசலையே தாண்டவில்லை. இரண்டு நடை வெற்றிலை வழியிலேயே அழுகிப்போனதால், இனி அந்த லாரியில் சரக்கு ஏற்ற மாட்டோம் என்று கொடிக்கால்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

"எனக்கு நாலாவது பெட்டி வேணாம் மகாராஜா. ஒண்ணு, புதுசா ஒரு பெட்டி குடுக்கச் சொல்லுங்க. இல்லேன்னா என் பணத்தைக் குடுக்கச் சொல்லுங்க" என்றார் மைமூன் பீவி.

ஜெகவீரர் அலட்டிக்கொள்ளவில்லை. பழுதானால் மாற்றித் தருவதாகச் சீட்டில் எழுதியிருக்கிறது, இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, முப்பது முறை வந்தாலும் மாற்றுவேன், இதைவிட நாணயமான வியாபாரி எந்தச் சீமையில் இருக்கிறான் என்று கேட்டார்.

ராஜா தீர்ப்பை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு, ராயசம் பிச்சாண்டியா பிள்ளையைத் தனியே அழைத்தார். ராயசம் என்றால் ராஜாவின் உத்தரவுகளை எழுதுகிறவர். பிள்ளை எழுதியதில் பாதி ராஜா சொன்னது. நன்றாக இருந்த பாதி பிள்ளையே சேர்த்தது.

அந்த அம்மாள் பக்கம்தான் நியாயம் என்று ராஜாவுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மைத்துனனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னால் அந்தப்புரத்தில் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்பதும் தெரிந்திருந்தது.

"பிள்ளை, நாளைக்கு நியாயமான தீர்ப்பு வந்தாக வேண்டும். அது என் வாயிலிருந்தும் வரக் கூடாது, உம் வாயிலிருந்தும் வரக் கூடாது."

"உத்தரவு" என்றார் பிள்ளை. நேராகச் சமையற்கட்டுக்குப் போனார்.

மறுநாள் அரண்மனையில் விருந்து. ராஜா முதலாக எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். மைமூன் பீவிக்கும் இலை போட்டிருந்தது. எல்லோருக்கும் அப்போது சுட்ட வடை. ஜெகவீரர் இலையில் மட்டும் முந்தாநாள் வடை. பிள்ளை சொன்னபடி, சமையற்காரர் அதைக் கொதிக்கிற எண்ணெயில் மறுபடி ஒரு முக்கு முக்கி எடுத்திருந்தார். மேலே மொறுமொறுவென்று பொன்னிறமாக இருந்தது.

ஜெகவீரர் ஒரு கடி கடித்தார். முகம் கோணியது. வடை ஊசிப்போயிருக்கிறது என்றார்.

பிள்ளை ஓடி வந்து, வருத்தம் தெரிவித்து, அதை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தார். அதுவும் புளித்தது. அதையும் மாற்றினார். மூன்றாவதைப் பிட்டபோது நூல் நூலாக வந்தது.

"என்ன ஓய் இது, மூணும் பழைய வடை" என்றார் ஜெகவீரர்.

"பழசுதான் எஜமான். புதுப்பித்திருக்கிறோம். பாருங்கள், என்ன பளபளப்பு. சரியில்லை என்றால் நாலாவது கொண்டுவரச் சொல்கிறேன். முப்பது வேண்டுமானாலும் மாற்றித் தருகிறோம்."

பந்தியில் ஒருவர் சிரிப்பை அடக்கப் போய்ப் புரையேறித் தவித்தார். ஜெகவீரருக்குப் பசியும் கோபமும் ஒன்றாக ஏறின.

"ஊசின வடையை எடுத்துட்டு ஊசின வடையையே வைக்கறதுக்குப் பேர் மாத்தறதா? புதுசா சுட்டுப் போடும். இல்லாட்டி இலையை எடும். என் வயிறு கெட்டா, வைத்தியச் செலவும் போட்டவன் தலையிலதான்."

பிள்ளை இடுப்பிலிருந்து ஓலையை எடுத்தார். ஜெகவீரர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். வடை என்ற இடங்களில் கியர் பெட்டி என்றும், வயிறு என்ற இடத்தில் வெற்றிலை என்றும், வைத்தியச் செலவு என்ற இடத்தில் நஷ்டம் என்றும் போட்டார். பந்திக்கே கேட்கும்படி உரக்கப் படித்துவிட்டு, ராஜாவிடம் முத்திரைக்கு நீட்டினார். ராஜா வாயே திறக்கவில்லை. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு மோதிரத்தை அழுத்தினார்.

ஜெகவீரர் எழுந்து, தான் வடையைத்தான் சொன்னதாக வாதாடிப் பார்த்தார். மைமூன் பீவி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு வடை ஒரு வேளைச் சாப்பாடு. எனக்கு அந்தப் பெட்டிதான் மூணு வேளையும்."

பொழுது சாய்வதற்குள் லாரியில் புத்தம்புதுப் பெட்டி ஏறியது. அழுகிய இரண்டு நடை வெற்றிலைக்கும் நஷ்டம் வந்து சேர்ந்தது.

ராணி கொந்தளித்து வந்தார். தம்பிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது யார் என்று கேட்டார். ராஜா கல்யாணமான நாளிலிருந்து காட்டாத தைரியத்தோடு, "உன் தம்பிதான்" என்றார். விசாரித்தால் அது உண்மையாகவும் இருந்தது. ராணி திரும்பிப் போய்விட்டார்.

ராஜா வயிறு வலிக்கச் சிரித்தார். அந்த மகிழ்ச்சியில், கொட்டகையில் நிற்கும் தம்முடைய பழைய காரைப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுப்பதாகச் சொன்னார்.

அதற்குச் சாமான் எல்லாம் எந்தக் கடையில் வாங்கியது என்று பிள்ளை பணிவாகக் கேட்டார்.

ராஜா விட்டத்தைப் பார்த்தார்.

"அப்படியானால் ஒரு பசுமாடு கொடுங்கள், மகாராஜா. அது நின்றாலும் பால் கொடுக்கும்."