கொட்டாவிக் காட்டில் எத்தனை வளைவு?

கொல்லிமலைக்குப் போகும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அதில் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர் அறப்பளி. வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. முதலாளி பஸ்ஸை விற்றுவிட்டதால், ஐம்பதாவது வயதில் மலையை விட்டு இறங்கி லாரி ஓட்ட வந்தார்.

இறங்கிய இடத்தில் அவரை ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. நேர் ரோட்டைக் கண்டால் தூக்கம் வந்தது.

அவருக்கு வாய்த்த நேர் ரோடும் லேசுப்பட்டதல்ல. சின்னாண்டிவலசு டீக்கடையில் தொடங்கி ஓடைப்பாலம் வரைக்கும் ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். நடுவில் ஊர் கிடையாது, கடை கிடையாது, கைகாட்ட ஒரு ஆள் கிடையாது. நடுத்திட்டில் அரளி, ஓரத்தில் பொட்டல், பொட்டல் முடிந்தால் வேலிக்காத்தான், அது முடிந்தால் மறுபடியும் பொட்டல். லாரிக்காரர்கள் அதற்குக் கொட்டாவிக் காடு என்று பேர் வைத்திருந்தார்கள். எந்த ரோடு ரொம்பச் சலிப்பு என்று டீக்கடையில் வாக்குவாதம் வரும். ஒருத்தர் வடக்கே ஒரு ரோட்டைச் சொல்வார், இன்னொருத்தர் ஆந்திராவில் ஒன்றைச் சொல்வார். யாராவது கொட்டாவிக் காட்டின் பேரை எடுத்துவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். ஓரிருவர் கொட்டாவியும் விடுவார்கள்.

வந்த இரண்டு மாதத்தில் அறப்பளி இரண்டு தடவை தூங்கிப்போய் அரளியில் ஏறிவிட்டார். முதல் தடவை லாரி முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை ஆபீஸ் சுவரில் இருந்த ஆணியைக் காட்டினார். மூன்றாவது தடவை அரளியில் ஏறினால் சாவியை அதில் மாட்டிவிட்டு மலைக்குப் போய்விடலாம் என்றார்.

மலைக்குப் போய் என்ன செய்வது? வண்டி ஓட்டுவதைத் தவிர அறப்பளிக்கு ஒரு தொழிலும் தெரியாது. சைக்கிள்கூட வராது.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பச்சை மிளகாயைக் கடித்தால் தூக்கம் போகும் என்றார் ஒருவர். வயிறு எரிந்துகொண்டே தூங்கினார். இமையில் தைலம் தடவிக்கொள்ளச் சொன்னார் இன்னொருவர். எரிச்சல் தாங்காமல் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று, மூடியதும் தூக்கம் வந்தது. கடைசியில் டீக்கடைக்காரர்தான் வழி காட்டினார். பால் டேங்கர் ஓட்டும் மரகதவல்லியைப் போய்ப் பாருங்கள் என்றார்.

மரகதவல்லிக்கு முப்பத்தெட்டு வயது. பதினோரு வருஷமாகப் பால் ஏற்றிக்கொண்டு அந்த ரோட்டில் போய் வருகிறார். ஒரு அரளிப் பூவைக்கூட உதிர்த்ததில்லை. அவரிடம் ஏதோ வேர் இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். மந்திரம் என்று சிலர் சொன்னார்கள். அவரோ கேட்டவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

அறப்பளி முறையாகத்தான் போனார். ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வைத்துக்கொண்டு டேங்கரின் முன்னால் நின்றார்.

"அந்த வித்தைய எனக்கும் சொல்லிக் குடுங்க அம்மிணி."

மரகதவல்லி தட்டிலிருந்து ஒரு பழத்தை உரித்துக்கொண்டார்.

"ஏறுங்கண்ணா," என்றார்.

முதல் நாள் அறப்பளி பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக உட்கார்ந்தார். மூன்றாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டுவதற்குள் குறட்டை விட்டார். ஓடைப்பாலத்தில் மரகதவல்லி எழுப்பி, வழியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று அறப்பளி உள்ளதைச் சொன்னார். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார் குரு.

இரண்டாம் நாள் தூக்கம் வருவதற்கு முன்பே அறப்பளி புலம்ப ஆரம்பித்தார். இந்த ரோட்டில் பார்க்க என்னதான் இருக்கிறது, மனுஷன் எதைப் பார்த்து முழித்திருப்பான் என்று கேட்டார். அப்படியானால் மலையில் என்ன இருந்தது என்று மரகதவல்லி கேட்டார்.

கேட்டதுதான் தாமதம், அறப்பளி சொல்லத் தொடங்கிவிட்டார். மூன்றாவது வளைவில் ஒரு பலாமரம் ரோட்டுப் பக்கம் சாய்ந்திருக்கும், பஸ்ஸின் கூரையில் இலை உரசும். பதினாறாவதில் தடுப்புச்சுவர் கொஞ்சம் முன்னால் வந்திருக்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். இருபத்தேழாவது வளைவு பொல்லாதது. அங்கே ரோடு வலதுபக்கம் சரியும், வண்டி லேசாகச் சாய்ந்ததுமே கை தானாக ஸ்டியரிங்கை வலதுபக்கம் இறக்கிவிடும், மூளைக்கு வேலையே இல்லை. நாற்பத்தொன்றில் குரங்குக் கூட்டம். அதில் வால் இல்லாத ஒன்றுக்கு அவருடைய ஹாரன் சத்தம் தெரியும். எழுபதாவது வளைவைச் சொல்லி முடித்து நிமிர்ந்து பார்த்தால் ஓடைப்பாலம் வந்திருந்தது.

ஒரு கொட்டாவி இல்லை. அறப்பளி தன் கன்னத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"ஏனுங்கண்ணா, இந்த ரோட்டுல எத்தன வளைவு இருக்குது?" என்று மரகதவல்லி கேட்டார்.

"இங்க ஏதுங்க வளைவு?"

"எண்ணிப் பாத்துச் சொல்லுங்க."

குரு தமாஷ் செய்கிறார் என்று நினைத்து அறப்பளி சிரித்தார். அன்றைக்கு அவருக்குக் கால் தரையில் படவில்லை. குருமார்கள் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். வித்தை இதுதான். எழுபது வளைவையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். ஸ்லோகம் மாதிரி.

வெள்ளிக்கிழமை மரகதவல்லியின் டேங்கரைக் கழுவ விடும் நாள். அவர் சும்மா இருப்பது தெரிந்து அறப்பளியின் முதலாளி ஒரு உதவி கேட்டார். ஒரு நடை கூடவே போய்ப் பாருங்கள், இவர் தேறுவாரா மாட்டாரா என்று நீங்கள் சொல்வதுதான் தீர்ப்பு, தேற மாட்டார் என்றால் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். இது அறப்பளிக்கும் தெரியும். பயப்படவில்லை. மருந்துதான் கையில் இருக்கிறதே.

லோடு தர்பூசணி. நல்ல பகல் வெயில். டீக்கடையைத் தாண்டியதும் அறப்பளி முதல் வளைவை ஆரம்பித்தார். வாய்விட்டே முணுமுணுத்தார். மரகதவல்லி பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டு வந்தார். பத்து வளைவு போனது, இருபது போனது. அறப்பளியின் கண்கள் பளிச்சென்று திறந்திருந்தன. முகத்தில் ஒரு தனிக் களை வந்திருந்தது. மூன்றாவதில் பலாமரம் வந்தபோது தலையைக்கூடக் கொஞ்சம் குனிந்திருந்தார்.

இருபத்தேழாவது வளைவு வந்தது. அறப்பளி நீளமாக ஹாரன் அடித்தார். கியரைக் குறைத்தார். ஸ்டியரிங்கை வலதுபக்கம் இறக்கினார்.

லாரி நிதானமாக நடுத்திட்டில் ஏறி அரளிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. பின்னால் பத்திருபது தர்பூசணி விழுந்து, நாலைந்து உடைந்தன.

அறப்பளி இன்ஜினை அணைத்தார். கண்ணாடியில் ஒரு அரளிப் பூ ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் தூங்கலீங்க அம்மிணி."

"தெரியுங்கண்ணா."

"கண்ணு ரெண்டும் தொறந்துதான் இருந்துச்சு."

"ஆமாங்க. கொல்லிமலையில தொறந்திருந்துச்சு."

மரகதவல்லி முதலாளிக்குப் போன் செய்தார். வண்டிக்குப் பழுது இல்லை என்றார், ஆமாம் அரளிதான் என்றார், டிராக்டர் அனுப்பச் சொன்னார். அந்தப் பக்கம் முதலாளி போட்ட சத்தம் அறப்பளிக்கும் கேட்டது. போனை வைத்துவிட்டு மரகதவல்லி கையை நீட்டினார். அறப்பளி சாவியைக் கழற்றிக் கொடுத்தார். எழுபது வளைவில் கொடுக்காத சாவியை வளைவே இல்லாத ரோட்டில் கொடுக்கிறோமே என்று அவமானமாக இருந்தது.

டிராக்டர் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். மரகதவல்லி லாரியின் நிழலில் உட்கார்ந்து உடைந்த தர்பூசணியில் நல்லதாக ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களாண்ணா? இருபத்தாறு வளைவு வாயிலதான சொன்னீங்க. எதுக்கும் திருப்பலையே. இருபத்தேழுக்கு மட்டும் எதுக்குத் திருப்புனீங்க?"

அறப்பளி தன் கையைத் திருப்பிப் பார்த்தார். கை தானாகத் திரும்பியது என்றார். மரகதவல்லி பழத்தைத் தின்றார்.

சும்மா நிற்க முடியாமல் அறப்பளி விழுந்த பழங்களைப் பொறுக்கத் தொடங்கினார். ஒன்றை எடுத்து லாரியின் இடதுபக்கப் பின்சக்கரத்தின் ஓரமாக வைத்தார். இன்னொன்றை எடுத்துவரத் திரும்பினார். முதல் பழம் அவரைத் தாண்டி உருண்டு, லாரிக்கு அடியில் புகுந்து, அரளியடியில் போய் நின்றது. காற்றைத் திட்டிவிட்டு அதைத் தூக்கிவந்து வைத்தார். மறுபடியும் போயிற்று.

காற்றே அடிக்கவில்லை. ஒரு அரளி இலை அசையவில்லை.

மூன்றாவது தடவை பழத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்திப் பார்த்தார். அது ஒரு நிமிஷம் யோசிப்பதுபோல நின்றது. பிறகு மெதுவாக வலதுபக்கம் கிளம்பிப் போனது. மழைத்தண்ணீர் வடிய எந்த ரோடும் இடது ஓரத்துக்குத்தான் சரிந்திருக்கும். லாரி ஓட்டுகிற எல்லாருக்கும் இது தெரியும். இந்தப் பழம் எதிர்ப்பக்கம் போகிறது.

அறப்பளி லாரிக்குப் பின்னால் ரோட்டில் குப்புறப் படுத்தார். கன்னத்தைத் தாரில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கன்னம் சுட்டது. அடுத்த தடத்தில் போன ஒரு கார்க்காரர் ஆள் அடிபட்டுக் கிடக்கிறார் என்று வேகத்தைக் குறைத்தார். மரகதவல்லி ஒன்றுமில்லை போங்கள் என்று கைகாட்டினார்.

இருநூறு அடி தூரத்துக்கு ரோட்டின் இடதுபக்கம் தூக்கியிருந்தது, வலதுபக்கம் இறங்கியிருந்தது. அந்தப் பக்கத்தில் இரண்டு இடத்தில் அரளி இல்லாமல் மொட்டையாக இருந்தது. இரண்டுமே போன தடவைகளில் அவர் ஏறிய இடம். அன்றைக்கு அவர் தூங்கிக்கொண்டிருந்தார், வண்டி சரிவைப் பார்த்துத் தானாகப் போயிருக்கிறது. இன்றைக்கு வண்டி லேசாகச் சாய்ந்ததுமே இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் அவருடைய கை இறங்கிவிட்டது. வளைவு இல்லாத இருபத்தாறு இடத்தில் சும்மா இருந்த கை, வளைவில் போலச் சரிவு இருந்த இடத்தில் திரும்பியிருக்கிறது.

அறப்பளி எழுந்து உட்கார்ந்தார். கன்னத்தில் தார் ஒட்டியிருந்தது. இரண்டு மாதமாக இதன் மேலேயே போய் வந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது.

தூரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. மரகதவல்லியின் போன் அடித்தது. முதலாளிதான். சாவியை வாங்கியாயிற்றா என்று கேட்டார்.

"அம்மிணி," என்றார் அறப்பளி. "இங்க ரோடு வலதுபக்கமா சாயுதுங்க."

மரகதவல்லி போனைக் காதிலிருந்து எடுத்தார். கையில் இருந்த பழச்சாற்றைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, சாவியை அறப்பளியின் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒரு வளைவாச்சு," என்றார். "மேல எண்ணுங்கண்ணா."