கடைசிப் பாட்டிலின் அடி

பலவேசம் அண்ணாச்சி அம்பு முனை செய்யக் கற்றுக்கொள்ளப் போகிறார் என்றபோது ஊரில் யாரும் சிரிக்கவில்லை. மகனைப் பறிகொடுத்த மனிதர், எதையாவது செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மகன் இசக்கி குடித்துப் போட்ட பாட்டில்கள் கட்டிலுக்கு அடியில் குவிந்து கிடந்தன. பழைய இரும்புக் கடையில் போட அவருக்கு மனம் வரவில்லை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. மலையடிவாரத்தில் சுடலைமணி என்றொருவர் பாட்டிலின் அடியைச் செதுக்கி அம்பு முனை செய்கிறார் என்று கேள்விப்பட்டு, எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு போனார். சுடலைமணிக்கு இவர் வயதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் “ஆசானே” என்றுதான் கூப்பிட்டார்.

ஆசான் முதல் நாளே சொல்லிவிட்டார்.

“செம்புக் கம்பிய ஓரத்துல வச்சு அமுக்குங்க. சில்லு தெறிக்கும். அமுக்குனதும் கண்ணாடிய வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. பாத்துட்டுத்தான் அடுத்தது.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும்.”

அண்ணாச்சி கொஞ்ச நாள் தூக்கிப் பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டார். அவருக்கும் பொறுமைக்கும் என்றைக்குமே ஏழாம் பொருத்தம். சில்லு தெறிக்கவில்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு அதே இடத்தில் இன்னும் ஓங்கி அமுக்குவார். பாட்டில் அடிகள் ஒவ்வொன்றாகப் பாழாயின. உள்ளங்கையில் தோல் துண்டை வைத்துப் பிடித்தும் விரலெல்லாம் கீறல். சாக்கு காலியாகிக்கொண்டே வந்தது.

கடைசியில் ஒரு பச்சைப் பாட்டில் மிஞ்சியது. இசக்கி சாகுமுன் குடித்தது அது. அதிலாவது ஒரு முனை முழுசாக வந்தால், மகனைப் புதைத்த இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். இந்த உலகத்தில் அவருக்கு வேறு ஆசை பாக்கி இல்லை.

எப்படியோ மல்லுக்கட்டி, முனை வேப்பிலை போல உருவாகி வந்தது. ஓரத்தில் சின்னப் பிசிறு மட்டும் நின்றது. அண்ணாச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையைத் தொடுவது போல, கம்பியை வைத்தார்.

முனை இரண்டாகிவிட்டது.

வெளியே மூட்டம் போட்டிருந்தது.

“ஆசானே, மெதுவாத்தான வச்சேன்? பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?”

“பாத்தேன். மெதுவாத்தான் வச்சீங்க.”

“எம் மவன்கிட்டயும் அப்படித்தான். வருசக்கணக்கா ஏசியிருக்கேன். கைநீட்டி அடிச்சிருக்கேன். எல்லாத்தையும் தாங்கிக்கிட்டுக் கெடந்தான். அன்னைக்கு நான் ஒண்ணுமே ஏசல. ‘சாப்பிட வாய்யா’ன்னுதான் கூப்பிட்டேன். எந்திரிச்சு வெளிய போனவன் விடியக்காலம் குளத்துல கெடந்தான். அதுக்காடா போன இசக்கி? ஏன் ஆசானே?”

ஆசான் உடைந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துச் சேர்த்து, சன்னலுக்கு நேராகப் பிடித்தார். பச்சைக்குள்ளே நகக்கீறல் போல வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். உடைப்பு அந்தக் கோடுகளின் வழியாகவே போயிருந்தது.

“இது, நேத்து சில்லு வரலன்னு ஓங்கி அமுக்குனது. இது அதுக்கு முந்தி அமுக்குனது. அப்பல்லாம் ஒண்ணும் ஆகலன்னு அடுத்ததுக்குப் போயிட்டீங்க.”

அண்ணாச்சி அந்தக் கோடுகளையே பார்த்தார். கேட்க வேண்டாம் என்று நினைத்தும் கேட்டுவிட்டார்.

“பக்கத்துலயே இருந்தீங்களே ஆசானே. அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

ஆசான் துண்டுகளை அவருடைய உள்ளங்கையில் திரும்ப வைத்தார்.

“பக்கத்துல இருக்கவனுக்கு உள்ள விழுற கோடு தெரியாது அண்ணாச்சி. கையில வச்சிருந்தது நீங்கதான.”