கீரி கேட்ட கூலி

நாவல்மரப் பொந்தில் கோடாயி என்ற அணில் தன் மூன்று குட்டிகளோடு இருந்தது. மரத்தடியில் பாம்பு நடமாட்டம் அதிகம். அதனால் முறுக்கன் என்ற கீரியைக் காவலுக்கு அமர்த்தியது. கூலி, தினம் இரண்டு நாவல்பழம்.

"எல்லாம் இந்த மரப்பட்டையில் எழுதியிருக்கிறேன். நகத்தால் ஒரு கீறல் போடு!" என்றது கீரி. அணிலும் போட்டது.

பழம் தவறாமல் போனது. காவல்தான் வரவில்லை! நான்காம் நாள் பட்டப்பகலில் பாம்பு பொந்து வாசலுக்கே வந்துவிட்டது. கோடாயி போட்ட கூச்சலில் மைனாக்கள் திரண்டு வந்து அதைக் கொத்தி விரட்டின. கீரியோ புதருக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"உன் காவலே வேண்டாம். நான் வேறு மரத்துக்குப் போகிறேன்!" என்றது அணில்.

"தாராளமாகப் போ! ஒரு குட்டியை விட்டுவிட்டுப் போ!"

"என்னது?"

கீரி பட்டையைத் திருப்பிக் காட்டியது. பின்பக்கம், பாசிக்கு அடியில், பொடி எழுத்தில் இருந்தது: 'ஆடி முடியுமுன் காவலை விட்டால் ஒரு குட்டி கீரிக்கு.' அடப்பாவி! பெற்றவளிடம் கேட்கிற கூலியா இது?

"கீறல் போட்டாயிற்றே! மற்ற இரண்டையாவது காப்பாற்றிக்கொள்" என்றது பக்கத்துப் பொந்து மரங்கொத்தி.

"ஒன்றைக்கூடக் கொடுக்கமாட்டேன்!"

குட்டிகளுக்கு மைனாக்களைத் துணை வைத்துவிட்டு, பட்டையைக் கவ்விக்கொண்டு காட்டின் தலைவியான யானையிடம் ஓடியது கோடாயி. கீரியும் பின்னாலேயே வந்தது.

யானை எல்லாவற்றையும் கேட்டது. "முறுக்கா, நிபந்தனை இருவருக்கும்தானே? அணில் காவலை விட்டால் அதன் குட்டி உனக்கு. நீ காவலை விட்டதற்கு உன் குட்டி ஒன்று அணிலுக்கு. போய்க் கூட்டி வா!"

கீரி பதறிப்போனது. "ஐயையோ! பெற்ற பிள்ளையைக் கேட்பது அநியாயம், தாயே!"

"அதை உன் வாயாலேயே சொல்லிவிட்டாய்" என்று யானை பட்டையைக் காலால் நொறுக்கியது. "கோடாயி, நீ போகலாம்."

அணில் நகரவில்லை. "என் பட்டை மட்டும் உடைந்தால் போதுமா? இதே கீரியிடம் கீறல் போட்டுக் கொடுத்த முயலும் கௌதாரியும் வழியில் தங்கள் பட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அழுதுகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில்?"

யானை கொஞ்சம் யோசித்தது. பிறகு காடே கேட்கும்படி பிளிறியது. "இன்றிலிருந்து இதுதான் சட்டம்! மறைத்து எழுதிய நிபந்தனை செல்லாது! ஒருவரை மட்டும் கட்டிப்போடும் நிபந்தனையும் செல்லாது! வேலை செய்யாதவனை விட்டு யாரும் விலகலாம்!"

அன்றைக்கே கோடாயி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விப் புது மரத்தில் சேர்த்தது. மூன்றும் பத்திரமாக இருந்தன.

கையொப்பம் வாங்கிவிட்டதால் அநியாயம் நியாயமாகிவிடாது. துணிந்து எதிர்த்துக் கேட்டால் நமக்கு மட்டுமல்ல, நம்மைப் போன்ற எல்லோருக்கும் விடிவு பிறக்கும்.