மாதத்தில் ஒரு நாள்

"எங்க ஆசிரியர்களுக்குக் கத்துக்கணும்ங்கிற ஆர்வமே இல்லம்மா," என்றார் தலைமையாசிரியர் நல்லசிவம், வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக.

பூரணத்தம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். ஆற்றோரத்துச் சிறிய மடம் அவருடையது. நல்லசிவத்துக்கு அவர்தான் குரு. தன்னைவிட நான்கு வயது இளையவரிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று ஆரம்பத்தில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

"என்ன ஆச்சு சார்?"

"அறிவியல் டீச்சர் அஞ்சுகம் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டாங்க. வெள்ளிக்கிழமையோட நின்னுக்கிறாங்களாம். பத்தாம் வகுப்புக்கு நான் இனி யாரைத் தேடுவேன்?"

"என்ன எழுதியிருக்காங்க?"

நல்லசிவம் கடிதத்தை எடுத்துப் படித்தார். 'எனக்கே சரியாகத் தெரியாததைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர மனம் ஒப்பவில்லை.'

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். தெரியலைன்னா கத்துக்க வேண்டியதுதானே?"

கூடவே பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து விரித்தார். பள்ளியின் வருடத் திட்டம். நான்கு கலரில் அவரே கட்டம் போட்டது.

"இதைப் பாருங்க. தேர்வு, ஆண்டு விழா, விளையாட்டு விழா எல்லாம் இருக்கு. இதோ, பச்சைக் கலர். மாசம் ஒரு நாள் அறிவியல் ஆசிரியர் பயிற்சி. அதுக்கும் திட்டம் போட்டுத்தான் வச்சிருக்கேன்."

"அழகா இருக்கு," என்றார் அம்மா. நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது. "அந்தப் பயிற்சிக்கு யார் போறாங்க?"

"பி.டி. சார்."

"விளையாட்டு வாத்தியாரா?"

"அவர்தான் சும்மா இருக்கார். யாராவது ஒருத்தர் போய்க் கையெழுத்துப் போட்டாகணும்ல?"

"கத்துக்கிட்டு வந்து என்ன சொன்னார்?"

"சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னார்."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் காது சூடாகிவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"அஞ்சுகம் டீச்சர் போறேன்னு கேட்கலையா?"

நல்லசிவம் ஒரு மொச்சையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"சார்?"

"கேட்டாங்க."

"எத்தனை தடவை?"

"ஒவ்வொரு ஜூன் மாசமும்." குரல் இறங்கிவிட்டது. "புத்தகம் மாறிப்போச்சு, பிள்ளைங்க கேட்கிற கேள்விக்குத் திணறுறேன், மாசத்துக்கு ஒரு நாள் விடுங்க சார்னு கேட்டாங்க. எப்படிம்மா விட முடியும்? அவங்க இல்லாம எங்க பள்ளிக்கூடம் ஒரு நாள்கூட ஓடாது."

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தார்.

"இன்னிக்குப் பள்ளிக்கூடம் உண்டா சார்?"

"உண்டு."

"ஏழு வருஷமா மாசம் ஒரு புதன்கிழமை இங்க வந்துடுறீங்க. சந்தேகம் கேட்கிறீங்க, கத்துக்கிட்டுப் போறீங்க. ஒரு மாசம் தவறினதில்ல."

நல்லசிவத்துக்கு அது பாராட்டு மாதிரிதான் கேட்டது. தலையாட்டினார்.

"அன்னிக்கெல்லாம் உங்க வேலையை யார் பார்க்கிறாங்க?"

பதில் வாய்க்கு வந்துவிட்டது.

போன மாதம் பைக்கில் ஏறும்போது, "நிம்மதியாப் போயிட்டு வாங்க சார், நான் பார்த்துக்கிறேன்" என்று கேட் வரை வந்து சொன்ன முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அதற்கு முந்தின மாதமும் அதே முகம்தான். கூனிக் குறுகிப்போனார் மனிதர். விரித்துவைத்த திட்டத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"யார் சார்?"

"அஞ்சுகம் டீச்சர்தான்," என்றார் தரையைப் பார்த்து.

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி ரெண்டுதான் ஆகுது," என்றார் அம்மா. "பள்ளிக்கூடம் விடுறதுக்குள்ள போயிடலாம்."

நல்லசிவம் எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"போய் அவங்ககிட்ட என்னம்மா சொல்றது?"

"அதையும் இங்க கத்துக்கிட்டுத்தான் போகணுமா?"